கப்பலில் ஐரோப்பா: முதல் முறை செல்பவர்களுக்குச் சில யோசனைகள்

(அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கப்பல் பயணம் போகிறவர்கள் நம்மில் நாலைந்து தம்பதிகள் இருப்பதாகக் காரியதரிசி சொன்னார். அவர்களில் ஒரு மாமியைக் கேட்டேன். "பிள்ளை புக் பண்ணிக் கொடுத்துவிட்டான். ஏழு ராத்திரி. கப்பலில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும்" என்றார். பெரும்பாலோர் நிலைமை இதுதான். பெங்களூரிலோ சான் ஹோசேயிலோ இருக்கும் பிள்ளையோ பெண்ணோ பணம் கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரிலிருந்து பத்து பக்கம் பிரின்ட் எடுத்து அப்பா கையில் கொடுக்கிறார்கள். அப்பா அதை அப்படியே பெட்டியில் வைத்துவிடுகிறார். அந்தப் பத்து பக்கத்தை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கப்பல் மிகவும் சௌகரியமானது. பஸ் டூரில் போனவர்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பெட்டியை வெளியே வை, ராத்திரி வேறு ஊரில் வேறு ஹோட்டலில் அதே பெட்டியைத் திற. கப்பலில் பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும். நாம் தூங்கும்போது கப்பல் போகிறது, காலையில் அடுத்த ஊர். முழங்கால் வலித்தால் அன்று இறங்காமல் டெக்கில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்.

ஆனால் மூன்று காரியங்களைக் கப்பல் நமக்காகச் செய்யாது. நம் விசாவைச் சரிபார்த்து வாங்கித் தராது. நமக்காகக் காத்திருக்காது. நம் உடம்புக்குப் பொறுப்பேற்காது. இந்த மூன்றையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா

ஐரோப்பாவில் இப்போது 29 நாடுகள் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கின்றன. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்தன. இங்கிலாந்து, துருக்கி, மான்டிநீக்ரோ ஆகியவை இதில் இல்லை.

இதில் என்ன விசேஷம் என்றால், கப்பல் எல்லையைத் தாண்டுவது நமக்குத் தெரியாது. ஏதென்ஸ் நகரத்தின் துறைமுகமான பிரேயஸில் ஏறுகிறீர்கள். மறுநாள் துருக்கியில் குஷதாசி, அதற்கு மறுநாள் கிரீஸின் ரோட்ஸ் தீவு. டெக்கில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், சட்டப்படி நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள். 'சிங்கிள் என்ட்ரி' விசா அத்துடன் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட பாதையில் 'மல்டிபிள் என்ட்ரி' இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளவே மாட்டார்கள். டிக்கெட் பணமும் திரும்பி வராது. ஆகவே விண்ணப்பத்திலேயே மல்டிபிள் என்ட்ரி என்று கேளுங்கள், கப்பலின் முழுப் பாதையையும் இணையுங்கள். விசா கைக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்ட்ரி எண்ணிக்கை, தேதிகள், நாட்கள் மூன்றையும் படியுங்கள். ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு ஊருக்கும் தனி விசா வேண்டுமா என்று கப்பல் கம்பெனியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். கோடைக் காலத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால், மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குவது உத்தமம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பின் 3 மாதமாவது செல்லத்தக்கதாகவும், இரண்டு காலிப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் நம் முகத்தையும் விரல் ரேகையையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. விமான நிலையத்தில் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவசரமான கனெக்ஷன் விமானம் வேண்டாம்.

ஊர் பெயரை நம்பாதீர்கள்

விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லெ ஆவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் வார்னமுண்டே, அது 200 கிலோமீட்டருக்கும் மேல். வெனிஸ் நகரத்துக்குள் பெரிய கப்பல்கள் ஜியுதெக்கா கால்வாய் வழியாகப் போவதை 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலிய அரசு தடை செய்துவிட்டது. அதனால் 'வெனிஸ்' என்று போட்ட சில கப்பல்கள் ராவென்னாவில் நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரமாவது ஆகும்.

பார்சிலோனா போன்ற ஊர்களில் துறைமுகம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது, கவலை இல்லை. ஆகவே, கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் நேராகத் துறைமுகத்தின் பெயர், தூரம், கப்பல் வரும் நேரம், கிளம்பும் நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பத்து மணி நேர நிறுத்தத்தில் ஐந்து மணி நேரம் சாலையிலேயே போகுமானால், அன்று துறைமுக ஊரையே நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

சான்டோரினி மாதிரி சில இடங்களில் கப்பல் கரையை அணையாது. கரையிலிருந்து தள்ளி நிறுத்தி, 'டெண்டர்' என்ற சின்னப் படகில் இறக்கி விடுவார்கள். படகு ஆடும், ஓர் எட்டு தாண்டிக் கால் வைக்க வேண்டும். சான்டோரினியில் படகை விட்டு இறங்கியபின் மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார், கோவேறு கழுதை, அல்லது ஏறக்குறைய 600 படிகள். மாலையில் கேபிள் காருக்கு நீண்ட வரிசை நிற்கும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

உடம்பும் இன்ஷூரன்ஸும்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது விசா கிடைப்பதற்கான அளவு, நமக்குப் போதுமான அளவு என்று எண்ண வேண்டாம். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கிக் கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவு எங்கேயோ போய்விடும். பாலிசியில் கப்பல் பயணமும் அவசர மருத்துவ இடமாற்றமும் அடங்குமா என்று கேட்டு, கூடுதல் தொகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், படிவத்தில் உண்மையை எழுதுவது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட், எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். பிரீமியம் ஏறும் என்று ஏஜென்ட் சொல்லுவார், "எதற்கு மாமா அதெல்லாம்" என்பார். ஆனால் மறைத்த வியாதியால் செலவு வந்தால் கம்பெனி கை விரித்துவிடும். அப்போது பணம் கட்ட வேண்டியவன் நம் பிள்ளை. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, அவன் தலையில் சில லட்சங்களை வைக்கக்கூடாது.

கப்பலில் டாக்டரும் நர்ஸும் உண்டு. ஆனால் இலவசம் இல்லை. தலைவலி என்று போனாலும் பில் நம் கணக்கில் ஏறும். ரசீதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு இன்ஷூரன்ஸில் கேட்க வேண்டும். நாம் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் பத்து நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரிக் பெயர் எழுதிய டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். எல்லாம் கைப்பையில்தான். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது கேபின் வாசலுக்கு வர ராத்திரி ஆனாலும் ஆகலாம்.

வாந்தி, தலைசுற்றல் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பெரிய கப்பல் மிகவும் ஆடாது. முடிந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் மத்தியதரைக் கடல் பயணம் இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், கிரேக்கத் தீவுகள் பக்கம் வடகாற்றும் பலமாக அடிக்கும்.

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்கு நோய்களுக்கு மருந்து சோப்புத் தண்ணீர்தான். கையில் தெளிக்கும் சானிடைசர் மட்டும் போதாது. சாப்பிடுமுன் கை அலம்புவது நமக்குப் பழக்கமானதுதானே, அதை அங்கேயும் விடாமல் செய்யுங்கள்.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் நாளன்று விமானத்தில் போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்பே போய் அந்த ஊரில் தங்குங்கள். விமானம் தாமதம் என்றால் கப்பல் நிற்காது.

சில கப்பல்களில் ஏறியதும் இந்திய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயப்பட வேண்டாம், ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் மூன்றுக்கும் காகித நகல் உங்களிடம் இரண்டு பிரதிகள், போனில் ஒரு படம் இருக்கட்டும்.

இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் கொண்டு போகக்கூடாது, எடுத்து வைத்துவிடுவார்கள். நெருப்பும் கூடாது. கேபினில் விளக்கு ஏற்றுவதோ ஊதுவத்தி ஏற்றுவதோ முடியவே முடியாது. கப்பலில் தீ என்பது விளையாட்டல்ல.

பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று வைப்பார்கள். அலுப்பாக இருக்கிறது என்று நழுவாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிடவெக்கியாவில் ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று 2015 முதல் விதியை மாற்றினார்கள். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல், அதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் கூடுமிடம் எது, கேபினிலிருந்து படி வழியாக எப்படிப் போவது என்று இருவரும் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு

நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், நான் பின்னால் வைத்திருக்கிறேன். காரணம், இது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. பல பெரிய கப்பல்களில் இந்திய சைவ உணவு கேட்டால் செய்து தருகிறார்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்பவர்கள் 'ஜெயின் உணவு' என்று கேட்கலாம். ஆனால் புக்கிங்கின்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஏறிய முதல் நாளே சாப்பாட்டு அறையின் தலைமைப் பரிசாரகரைப் பார்த்து, மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பாவில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் சீஸும் அதில் அடக்கம். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் இறைச்சி வேகவைத்த சாறு கலந்திருக்கலாம். சில சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். இத்தாலியின் புகழ் பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜியானோ அப்படித்தான். ஆடும் புட்டிங் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். 'இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சிச் சாறு இல்லை, ஜெலட்டின் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். பேசிப் புரிய வைப்பதைவிடச் சுலபம்.

வெள்ளைச் சாதம் எங்கும் கிடைக்கும். காலைச் சிற்றுண்டிப் பகுதியில் 'ப்ளெயின் யோகர்ட்' என்று இருப்பது நம் தயிர்தான். ஆகவே தயிர் சாதத்துக்குப் பஞ்சமில்லை. வெந்நீர் விட்டால் தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள், ஊறுகாய், பருப்புப்பொடி ஆகியவை கடையில் வாங்கிய, சீல் உடையாத பாக்கெட்டாக இருக்கட்டும். வீட்டில் சமைத்த உணவைப் பல கப்பல்களில் உள்ளே விடுவதில்லை. பால் சார்ந்த பொருட்களை, அதாவது நெய், பால்கோவா போன்றவற்றை, இந்தியாவிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டு போகத் தடை இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இன்னொன்று: கழிவறையில் காகிதம்தான் இருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள்.

டிரஸ் விஷயத்தில் பெண்களுக்குக் கவலையே வேண்டாம். 'ஃபார்மல் நைட்' என்று ஒரு நாள் வரும். அன்று பட்டுப் புடவைக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. ஆனால் கழுத்தில் காதில் கனமான நகைகள் வேண்டாம். பார்சிலோனா, ரோம், நேபிள்ஸ் ஊர்களில் ஜேப்படி அதிகம்.

பணம்

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள். கேபின் கதவைத் திறப்பதும் அதுவே, செலவுக் கணக்கும் அதுவே. அதற்கு ஈடாக உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் நிஜப் பணமே சில நாட்களுக்கு முடங்கிவிடும்.

டிக்கெட்டில் எல்லாம் அடக்கம் என்று நினைக்க வேண்டாம். பல கப்பல்களில் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். பாட்டில் தண்ணீர், குளிர்பானம், இன்டர்நெட் எல்லாம் தனி. கேபின் குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம். கிரீஸில் 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளுக்கு ஒரு கட்டணம் வந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சான்டோரினி, மிக்கனோஸ் தீவுகளில் ஒருவருக்கு 20 யூரோ. நடுக்கடலில் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், பில் பயங்கரமாக வரும். கப்பல் கிளம்பியதும் 'ஏரோப்ளேன் மோட்' போட்டுவிடுங்கள். தினமும் ஒரு முறை வரவேற்பு மேஜையில் கணக்கைக் கேட்டுப் பார்த்தால் கடைசி நாள் அதிர்ச்சி இருக்காது.

இந்தியாவில் டூர் பணம் கட்டும்போது பிடிக்கும் டி.சி.எஸ். தொகைக்குச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வருமான வரி ரிட்டர்னில் ஈடு செய்துகொள்ளலாம்.

கப்பல் காத்திருக்காது

கடைசியாக, மிகவும் முக்கியமானது. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தியது. கப்பலின் கடிகாரமும் ஊர் நேரமும் சில சமயம் மாறுபடும். ஆகவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு. விலை கூட. நாமே ரயிலில் போனால் செலவு குறைவு, பொறுப்பு முழுதும் நம்முடையது. என் யோசனை: துறைமுகத்திலிருந்து தூரமான ஊர்களுக்கு அவர்கள் பஸ், பக்கத்து ஊர்களுக்கு நம் கால்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, அவருக்கு 71 வயது, லிவோர்னோவில் இறங்கித் தாங்களாகவே ரயிலில் ஃப்ளாரன்ஸ் போனார்கள். திரும்பும்போது ரயில் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. துறைமுகம் வந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த மாமி தோளில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதில் இருவருக்கும் இரண்டு நாள் மாத்திரை, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் யூரோ, அன்றைய கப்பல் அறிக்கைத் தாள். துறைமுக ஏஜென்ட்டின் போன் நம்பர் அந்தத் தாளில் அச்சிட்டிருந்தது. போன் பண்ணினார்கள். கப்பல் ஊழியர்கள் கேபின் பெட்டகத்திலிருந்து அவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து ஏற்கெனவே ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தார்கள். ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் ரயிலேறிச் சிவிடவெக்கியா போய்க் கப்பலைப் பிடித்தார்கள். செலவு அவர்களுடையது. அடுத்த துறைமுகமும் இத்தாலியிலேயே இருந்தது அதிர்ஷ்டம். மாமாவுக்குச் சர்க்கரை, ராத்திரி மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

அந்தத் துணிப்பையைத் தயார் செய்தது அவர்கள் பிள்ளை அல்ல, டிராவல் ஏஜென்ட்டும் அல்ல. மாமியே காகிதங்களைப் படித்து, எது எப்போது வேண்டியிருக்கும் என்று யோசித்துப் போட்டுவைத்தது. நம் குழந்தைகள் ஆசையாகப் பணம் கட்டி அனுப்புகிறார்கள். ஆனால் லிவோர்னோ பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது அவர்கள் ஏழு கடல் தாண்டி இருக்கிறார்கள், ஒருவேளை தூங்கிக்கொண்டும் இருப்பார்கள்.

ஆகவே கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு சாயங்காலம் இருவரும் மேஜையில் உட்காருங்கள். விசா, பாலிசி, கப்பல் பாதை மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். புரியாததை அன்றே போனில் கேளுங்கள். எல்லாக் காகிதமும் எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்திருக்கட்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அதன்பின் கவலையை விட்டுவிட்டு, கடலை அனுபவியுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் காபிக்குப் பிறகு என்னிடம் கேட்கலாம். உங்கள் பயணத்தாள்களைக் கொண்டு வந்தால் சேர்ந்தே பார்க்கலாம். அனைவருக்கும் பயணம் சுகமாக அமையட்டும்.